ஒரே உயரத்துக்கும் ஒரே எடைக்கும் இரண்டு உடல் மேற்பரப்பளவுகள் வருவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தை மகள்

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, அடுத்ததாகக் கீமோ மருந்து ஏற்றுவதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். டொக்ஸோரூபிசினும் சைக்கிளோபொஸ்பமைட்டும் சேர்ந்த மருந்து முறை என்று வைத்தியர் விளக்கினார். அம்மாவின் உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 72 கிலோகிராம். இந்த இரண்டும் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரியாகவே இருக்கின்றன. ஆனால் முதலில் ஆலோசனை பெற்ற இடத்தில் தந்த துண்டில் உடல் மேற்பரப்பளவு 1.73 சதுர மீற்றர் என்றும், மருந்து ஏற்றப்போகும் இடத்தின் கிளினிக் கொப்பியில் 1.67 சதுர மீற்றர் என்றும் எழுதியிருக்கிறார்கள். மருந்தின் அளவை இந்த எண்ணை வைத்தே தீர்மானிப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. இரண்டில் ஒன்று பிழையா?

என்னை மேலும் குழப்புவது இரத்தப் பரிசோதனை அறிக்கை. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் வரியின் முடிவில் அங்கேயும் 1.73 சதுர மீற்றர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆய்வுகூடத்தில் அம்மாவின் உயரத்தை எவரும் கேட்கவில்லை. பிறகு அவர்களுக்கு இந்த எண் எங்கிருந்து கிடைத்தது? முதற் துண்டில் எழுதியவரும் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அம்மா உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர். அதனால் முழு எடையையும் வைத்துக் கணக்கிட்டால் மருந்து கூடிவிடும், குறைத்துத் தரச் சொல்லுங்கள் என்று உறவினர் சிலர் வற்புறுத்துகிறார்கள். இதைப் பற்றியும் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: தெகிவளை மருந்தாளர்

சகோதரி, இரண்டும் பிழையில்லை. ஒரே அளவீடுகளை இருவர் இருவேறு சூத்திரங்களில் இட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். நான் புற்றுநோய் மருந்துகளைத் தயாரிக்கும் பிரிவில் வேலை செய்பவன் என்பதால், நீங்கள் தந்த எண்களைப் பார்த்தவுடனேயே எந்த எண் எந்தச் சூத்திரத்திலிருந்து வந்தது என்று ஊகிக்க முடிந்தது, கணக்கிட்டும் பார்த்துவிட்டேன்.

முதற் துண்டில் இருப்பது மொஸ்டெலர் 1987 இல் வெளியிட்ட சூத்திரம். சென்ரிமீற்றரில் உயரத்தையும் கிலோகிராமில் எடையையும் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 150 ஐ 72 ஆல் பெருக்க 10,800. அதை 3600 ஆல் வகுக்க 3. மூன்றின் வர்க்கமூலம் 1.73. சாதாரணக் கணிப்பானிலேயே யாரும் செய்து பார்க்கலாம் என்பதனால்தான் இது உலகெங்கும் வாட்டுகளில் பரவியது. கிளினிக் கொப்பியில் இருப்பது 1916 இல் டு பொய்ஸ் இருவர் வெளியிட்ட சூத்திரம். அதில் எடை 0.425 என்ற அடுக்குக்கும் உயரம் 0.725 என்ற அடுக்குக்கும் உயர்த்தப்பட்டு, பெருக்கத் தொகை 0.007184 ஆல் மீண்டும் பெருக்கப்படும். உங்கள் அம்மாவுக்கு அது 1.67 என்றே வரும். ஆகவே முதற் துண்டை எழுதியவர் இரத்த அறிக்கையைப் பார்த்து எழுதினார் என்று எண்ண வேண்டாம். அம்மாவின் உயரமும் எடையும் தற்செயலாக மூன்றின் வர்க்கமூலத்தில் போய் நிற்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் மருந்தில் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கவலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த மருந்து முறையில் வழக்கமாக ஒரு சதுர மீற்றருக்கு டொக்ஸோரூபிசின் 60 மில்லிகிராமும் சைக்கிளோபொஸ்பமைட் 600 மில்லிகிராமும் தருவார்கள். 1.73 என்று எடுத்தால் டொக்ஸோரூபிசின் 104 மில்லிகிராம், 1.67 என்று எடுத்தால் 100 மில்லிகிராம். மற்றையது 1038, 1002. டொக்ஸோரூபிசின் 10, 50 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. சைக்கிளோபொஸ்பமைட் 500 மில்லிகிராம், 1 கிராம் குப்பிகளில் வருகிறது. கணக்கில் வந்த அளவிலிருந்து 5 சதவீதத்துக்குள், சில இடங்களில் 10 சதவீதத்துக்குள், குப்பியின் அளவுக்கு ஏற்ப முழுமைப்படுத்துவது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. எந்தத் துண்டை வைத்துக் கணக்கிட்டாலும் அம்மாவுக்குப் பெரும்பாலும் 100 மில்லிகிராமும் 1 கிராமும்தான் வந்து சேரும்.

எது முக்கியம் என்றால், முதற் சுற்றில் எந்தச் சூத்திரத்தைப் பாவித்தார்களோ அதையே கடைசிச் சுற்று வரை பாவிக்க வேண்டும். நடுவில் ஒருவர் மாற்றினால், அம்மாவின் உடலில் எதுவும் மாறாதபோதே மருந்து மாறியதாகப் பதிவில் தோன்றும். இரண்டு தாள்களையும் முதல் நாளே மருந்தாளரிடம் காட்டி, எதைப் பாவிக்கப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

எடையைப் பற்றி உறவினர்கள் சொல்வதை இந்த விடயத்தில் கேட்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பருமனானவர்களுக்கு "இலட்சிய எடை" என்ற ஒன்றை வைத்து மருந்தைக் குறைக்கும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. குணப்படுத்தும் நோக்கத்தோடு தரும் சிகிச்சையில் அப்படிக் குறைப்பது நோயாளியின் வாய்ப்பையே குறைப்பதாக முடியலாம். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012 இல் வெளியிட்ட வழிகாட்டலும், 2021 இல் அதைப் புதுப்பித்தபோதும், உண்மையான உடல் எடையைக் கொண்டே முழு அளவையும் கணக்கிட வேண்டும் என்றே சொல்கின்றன. இதயத்தின் நிலை, ஈரலின் நிலை போன்ற வேறு காரணங்களுக்காக வைத்தியர் குறைத்தால் அது வேறு. எடைக்காக மட்டும் குறைக்கக் கூடாது.

பதில்: உடற்றொழிலியல் விரிவுரையாளர்

மேலே மருந்தாளர் சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். இரண்டு சூத்திரங்களும் ஏன் இந்த அம்மாவின் விடயத்தில் விலகுகின்றன என்பதை மாத்திரம் சேர்க்கிறேன். அது தெரிந்தால் பயம் தெளியும்.

150 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவரையும், 180 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள இன்னொருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பெருக்கத் தொகை 10,800 தான். ஆகவே மொஸ்டெலரின் சூத்திரத்துக்கு இந்த இருவரும் ஒருவரே: இருவருக்கும் 1.73. டு பொய்ஸ் சூத்திரமோ உயரத்துக்குக் கூடுதல் இடமும் எடைக்குக் குறைந்த இடமும் தருவதால், குள்ளமான பருத்த உடலுக்கு 1.67 என்றும் நெடிய மெலிந்த உடலுக்கு 1.77 என்றும் சொல்கிறது. நடுத்தர உடல்வாகில் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்: 160 சென்ரிமீற்றர், 60 கிலோ என்றால் ஒன்று 1.63, மற்றது 1.62. உங்கள் அம்மாவின் உடல்வாகு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால்தான் வித்தியாசம் கண்ணில் பட்டது.

எது உண்மைக்குக் கிட்டியது என்று கேட்டால், ஒருவரின் தோலைத் துல்லியமாக அளப்பது எவ்வளவு சிரமம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜேர்மனியில் மே என்பவர் 1879 இல் எடையை மாத்திரம் வைத்து ஒரு சூத்திரம் தந்திருந்தார். அது போதவில்லை என்று கண்ட நியூயோர்க் ஆய்வாளர்களான டு பொய்ஸ் இருவரும், உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடையை அணிவித்து, அதன் மேல் காகிதப் பட்டிகளை ஒட்டி, அந்த உறையை வெட்டியெடுத்துத் தட்டையாக விரித்து, ஒளிப்படத் தாளில் அதன் உருவத்தைப் பதித்து, அந்த உருவத்தை வெட்டி நிறுத்துப் பரப்பளவைக் கண்டார்கள். இத்தனை பாடும் பட்டு அவர்கள் அளந்தது ஒன்பது பேரை. கிளினிக்குகளில் இன்றும் பாவிக்கப்படும் அந்த எண்கள் அந்த ஒன்பது உடல்களிலிருந்து வந்தவை. பிற்காலத்தில் 1970 இல் கெஹனும் ஜோர்ஜும் 401 பேரின் அளவீடுகளைக் கொண்டு ஒரு சூத்திரம் அமைத்தார்கள். 1978 இல் ஹேகொக் குழுவினர் கைக்குழந்தைகளிலிருந்து பெரியவர்கள் வரை 81 பேரை அளந்து இன்னொன்றைத் தந்தார்கள். குழந்தைகளில் டு பொய்ஸ் சூத்திரம் குறைத்துக் காட்டும்: 50 சென்ரிமீற்றர் நீளமும் 3 கிலோ எடையும் உள்ள பிறந்த குழந்தைக்கு அது 0.195 என்கிறது, ஹேகொக் சூத்திரம் 0.207 என்கிறது. சிறுவர் வாட்டில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பல மருந்துகளைச் சதுர மீற்றரை விட்டுக் கிலோகிராமுக்கு இவ்வளவு என்றே தருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டு பொய்ஸ் இருவரும் மருந்துக்காக இதை அளக்கவில்லை. ஓய்வாக இருக்கும் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதைப் பலரிடையே ஒப்பிட ஒரு பொது அளவுகோல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. புற்றுநோய் மருந்துக்கு இது வந்தது 1958 இல். பிங்கெல் என்ற குழந்தை வைத்தியர், எலிக்கும் குழந்தைக்கும் வளர்ந்தவருக்கும் தரும் அளவுகளைக் கிலோகிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் வெகுவாக வேறுபடுவதையும், சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று பார்த்தால் நெருங்கி வருவதையும் எடுத்துக்காட்டினார். எலியிலிருந்து மனிதருக்குத் தாண்டுவதற்கு அது நல்ல பாலம். ஆனால் ஒரு வளர்ந்தவருக்கும் இன்னொரு வளர்ந்தவருக்கும் இடையிலான வேறுபாட்டை அது நன்றாகப் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. 1991 தொடக்கம் 2001 வரை வளர்ந்தவர்களில் பரிசோதிக்கப்பட்ட 33 புற்றுநோய் மருந்துகளை ஆராய்ந்து 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்பரப்பளவை வைத்துக் கணக்கிட்டதனால் ஆளுக்காள் வேறுபாடு குறைந்தது ஐந்து மருந்துகளில் மட்டுமே. ஈரல் மருந்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதும், சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதும் ஆளுக்காள் பல மடங்கு வேறுபடக்கூடியவை. அவற்றின் முன்னே 1.67 க்கும் 1.73 க்கும் இடையிலுள்ள மூன்றரைச் சதவீதம் மிகச் சிறியது. முதற் சுற்றுக்குப் பிறகு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்கள் எவ்வளவு இறங்கின, எப்போது மீண்டன என்பதே அம்மாவின் உடலுக்கு அந்த அளவு பொருந்தியதா என்பதைச் சொல்லும். அந்தப் பரிசோதனைகளைத் தவறவிடாமல் செய்யுங்கள்.

பதில்: பம்பலப்பிட்டி வாசகர்

முதலுதவி வகுப்பில், ஒருவரின் உள்ளங்கை அவருடைய உடற் பரப்பில் நூற்றில் ஒன்று என்று படித்த நினைவு. உயரமும் எடையும் இல்லாமல் அந்த வழியில் இதைச் சரிபார்க்க முடியாதா?

பதில்: தாதிய உத்தியோகத்தர், மருதானை

முடியாது, ஐயா. நீங்கள் சொல்வது தீக்காயத்துக்கு உரியது. அங்கே உடலின் மொத்தப் பரப்பில் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்பதுதான் கேள்வி; சதுர மீற்றர் தேவையில்லை. விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய ஒரு பங்கு என்பதும், ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கும் வாலஸின் விதியும், சிறுவருக்குப் பொருத்தமான லண்ட், பிரவுடர் அட்டவணையும் அதற்காக வந்தவை.

நான் இங்கே எழுத வந்தது வேறொன்றுக்காக. எல்லோரும் சூத்திரத்தைப் பற்றியே பேசுகிறோம்; உயரத்தையும் எடையையும் எப்படி எடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. என் அனுபவத்தில், தாளில் நுழையும் பிழைகளில் பெரியவை அங்கேதான் நுழைகின்றன. நோயாளியிடம் "உங்கள் உயரம் என்ன?" என்று கேட்டால், பெரும்பாலானோர் அடி அங்குலத்தில், அதுவும் இளவயதில் அளந்ததைச் சொல்வார்கள். நான்கு அடி பதினொரு அங்குலம் என்பதை ஒருவர் 4.11 என்று குறித்து வைக்க, அடுத்தவர் அதைத் தசம எண்ணாக எடுத்து 30.48 ஆல் பெருக்கினால் 125 சென்ரிமீற்றர் என்று வரும். உண்மையான உயரம் 150. எடை 72 ஆகவே இருந்தாலும் மேற்பரப்பளவு 1.73 இலிருந்து 1.58 க்கு இறங்கிவிடும். இரண்டு சூத்திரங்களுக்கும் இடையில் நீங்கள் கண்ட வித்தியாசத்தைப் போல இரண்டரை மடங்கு அது.

ஆகவே அம்மாவை அழைத்துச் செல்லும் நாளில் அவரை நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். குதிகால், பின்புறம், முதுகு மூன்றும் பலகையைத் தொட வேண்டும். பார்வை நேரே இருக்க வேண்டும். உச்சந்தலையில் கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தலையில் இறக்கும் சட்டம் கொண்டையில் தங்கி இரண்டு மூன்று சென்ரிமீற்றரைக் கூட்டிவிடும். அளப்பவர் அவசரத்தில் இருந்தால் இதை மறப்பார். நீங்கள் ஒரு முறை பணிவாக நினைவூட்டினால் எவரும் கோபிக்க மாட்டார்கள். எடையைக் கைப்பை, சால்வை இல்லாமல், ஒவ்வொரு முறையும் அதே தராசில் பார்க்க வேண்டும். உயரம் ஒரு தடவை சரியாக எடுத்தால் போதும். எடையை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் எடுக்க வேண்டும். எடை 5 தொடக்கம் 10 சதவீதம் வரை மாறினால் மீண்டும் கணக்கிடுவது பல இடங்களில் உள்ள வழக்கம். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெதசோன் பசியைத் தூண்டும், சிலருக்கு நீரைத் தேக்கும். காலோ வயிறோ வீங்கி எடை ஏறியிருந்தால் அதைத் தாதியிடம் சொல்லுங்கள். நீரால் ஏறிய எடையைச் சாதாரண எடை போல எடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும்.

கேட்டவர் மீண்டும்: வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆய்வுகூட அறிக்கையில் உள்ள 1.73 மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை.

பதில்: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்

எனக்கும் அதே கேள்விதான். என் மனைவிக்குக் கார்போபிளாற்றின் என்ற புற்றுநோய் மருந்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய உயரமும் 150 சென்ரிமீற்றர், ஆனால் எடை 47 கிலோ. அறிக்கையில் சிறுநீரக எண் 60 என்றும், அதன் பின்னே 1.73 என்றும் இருக்கிறது.

பதில்: தெகிவளை மருந்தாளர்

அந்த 1.73 எந்த நோயாளியினுடையதும் அன்று. 1928 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிறுநீரகத்தின் வேலையைப் பலரிடையே ஒப்பிடுவதற்காக, அக்காலத்து இளம் வயதினரின் சராசரி மேற்பரப்பளவாக அந்த எண்ணை எடுத்தார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆய்வுகூடம் வயது, பால், கிரியேற்றினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டும் ஒரு கழிவுப்பொருள்) ஆகியவற்றைக் கொண்டு, "இவருடைய உடல் 1.73 சதுர மீற்றராக இருந்தால் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர்" என்றுதான் அறிவிக்கிறது. அதற்காகத்தான் உயரம் கேட்கவில்லை. சிறுநீரக நோயின் படிநிலையை அறிவதற்கு அந்த எண் போதும்.

ஆனால் கொட்டாஞ்சேனை அண்ணர் கேட்டது மிகப் பொருத்தமான கேள்வி, ஏனென்றால் கார்போபிளாற்றினின் அளவு மேற்பரப்பளவால் தீர்மானிக்கப்படுவதில்லை. 1989 இல் கல்வேர்ட் தந்த சூத்திரத்தின்படி, இரத்தத்தில் எட்ட விரும்பும் மருந்தின் இலக்கு எண்ணை, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தோடு 25 ஐக் கூட்டி வரும் தொகையால் பெருக்க வேண்டும். அங்கே இட வேண்டியது அந்த ஆளின் சொந்த வேகம். உங்கள் மனைவியின் மேற்பரப்பளவு மொஸ்டெலரின்படி 1.40. அறிக்கையில் உள்ள 60 ஐ 1.40 ஆல் பெருக்கி 1.73 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 48.6 மில்லிலீற்றர். இலக்கு 5 என்று வைத்துக்கொண்டால், 60 ஐ அப்படியே இட்டால் 425 மில்லிகிராமும், 48.6 ஐ இட்டால் 368 மில்லிகிராமும் வரும். இந்த வித்தியாசத்தை முழுமைப்படுத்தி மறைத்துவிட முடியாது. எங்கள் பெண்களில் சிறிய உடல்வாகு உள்ளவர்கள் பலர் என்பதால் இதில் நான் எப்போதும் இருமுறை பார்ப்பேன்.

அதே நேரம் நீங்களாகவே இந்தத் திருத்தத்தைச் செய்து மருந்து கூடிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல இடங்களில் கார்போபிளாற்றினுக்கு ஆய்வுகூட அறிக்கையின் எண்ணை எடுப்பதில்லை. வயதையும் எடையையும் கிரியேற்றினினையும் கொண்டு கொக்ரொப்ட், கோல்ட் சூத்திரத்தால் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அந்த விடை நோயாளியின் சொந்த வேகமாகவே வரும், 1.73 அதில் கிடையாது. அதை மறுபடியும் 1.40 ஆல் திருத்தினால் மருந்து தேவைக்குக் குறைந்துவிடும். ஆகவே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: கல்வேர்ட் சூத்திரத்தில் இட்ட சிறுநீரக எண் எது, அது எந்த வழியில் வந்தது? கிரியேற்றினின் அறிக்கையையும், அதே கிழமையில் எடுத்த எடையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.